பீப்பாயின் நடுப்பங்கு: அமெரிக்காவில் டீசல் ஏன் பெட்ரோலை விஞ்சுகிறது?

2022 ஜூன் மாதம் சென்னையில் ஒரு லிட்டர் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு. டீசல் 94 ரூபாய் 24 காசு. அதே மாதம் அமெரிக்காவில் பெட்ரோலின் நாடு தழுவிய சராசரி விலை கேலனுக்கு 5.016 டாலர் என்று அதுவரை காணாத உச்சத்தைத் தொட்டது. டீசல் அதையும் தாண்டி 5.816 டாலருக்குப் போனது. சென்னையில் டீசல் எட்டு ரூபாய் மலிவு. அமெரிக்காவில் 80 சென்ட் கூடுதல். இரண்டு நாட்டிலும் ஒரே வகைச் சுத்திகரிப்புக் கோபுரத்தில், ஒரே கச்சா எண்ணெயிலிருந்து, ஒரே சமயத்தில் பிரிந்து வருகிற எரிபொருள்கள் இவை. விலை வரிசை மட்டும் ஏன் தலைகீழாக இருக்கிறது?

வேலைக்கோ படிப்புக்கோ அமெரிக்கா போகும் நம் ஊர்க்காரர்கள் நெடுஞ்சாலையோர விலைப் பலகையைப் பார்த்ததும் கேட்கிற கேள்வி இது. அங்கே பிறந்து வளர்ந்தவர்களும் இதையே கேட்கிறார்கள். ஏனென்றால் அவர்களுக்கும் இது பரம்பரையாகப் பழகிய நிலவரம் இல்லை. 2004 செப்டம்பருக்கு முன்புவரை அமெரிக்காவில் டீசல்தான் பெரும்பாலும் மலிவாக இருந்தது. கடுங்குளிர் மாதங்களில் மட்டும் பெட்ரோலைத் தாண்டும். வசந்தம் வந்ததும் இறங்கிவிடும். அதன்பிறகு நிலைமை மாறி, சில இடைவெளிகள் தவிர டீசலே மேலே இருக்கிறது.

இதற்கு அமெரிக்க எரிசக்தித் தகவல் நிர்வாகம் மூன்று காரணங்கள் சொல்கிறது. உலகம் முழுக்க டீசலுக்குக் கூடிய கிராக்கி, கந்தகத்தை நீக்கும் செலவு, கூடுதல் மத்திய வரி. மூன்றும் உண்மைதான். ஆனால் மூன்றுக்கும் ஒரே எடை கிடையாது. பொதுப் பேச்சில் வரியும் கந்தகமும்தான் அதிகம் அடிபடுகின்றன. அவை விளக்குவது சில சென்ட்டுகளை மட்டுமே. டாலர் கணக்கில் இடைவெளி விரியும்போது அதன் காரணத்தை வேறு இடத்தில் தேட வேண்டும். ஒரு பீப்பாயில் எவ்வளவு டீசல் கிடைக்கும் என்பதிலும், என்ன விலை ஆனாலும் அதை வாங்கியே தீர வேண்டியவர்கள் யார் என்பதிலும்தான் விடை இருக்கிறது.

ஆறு சென்ட் கதை

முதலில் வரியைப் பார்த்துவிடலாம், எளிதில் முடிகிற விஷயம். அமெரிக்க மத்திய அரசு பெட்ரோலுக்குக் கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட் வசூலிக்கிறது. 1993இலிருந்து இந்த விகிதங்கள் மாறவே இல்லை. இடையில் உள்ள ஆறு சென்ட் வந்தது 1984இல். அதற்கு முன் 1982ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு எரிபொருளுக்கும் வரியை ஒன்பது சென்ட்டாக உயர்த்தியதோடு, கனரக லாரிகள் மீது பெரிய வருடாந்திர வரியையும் சுமத்தியது. லாரி உரிமையாளர்கள் கொதித்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாகக் கட்டுவதைவிட, ஓடுகிற ஓட்டத்துக்கு ஏற்றபடி எரிபொருளிலேயே பிடித்துக்கொள்ளட்டும் என்று உடன்பாடு ஏற்பட்டது. வருடாந்திர வரி குறைந்தது; டீசலுக்கு மட்டும் ஆறு சென்ட் ஏறியது.

இதில் நியாயம் உண்டு. 1958 முதல் 1960 வரை இல்லினாய் மாநிலத்தின் ஒட்டாவா நகரருகே தனியாகச் சாலைகள் போட்டு, அவற்றின் மேல் லாரிகளை இரவு பகலாக ஓட்டி ஒரு பெரிய சோதனை நடத்தினார்கள். அச்சின் மேல் விழும் எடை இரண்டு மடங்கானால் சாலைக்கு வரும் சேதம் ஏறக்குறைய 16 மடங்காகிறது என்று தெரிந்தது. சாலையை உடைப்பவை கார்கள் இல்லை, பாரம் சுமக்கும் லாரிகள். அமெரிக்காவில் லாரி என்றால் டீசல். கார் என்றால் பெரும்பாலும் பெட்ரோல். எனவே டீசல் மேல் போடும் வரி, சாலையைத் தேய்ப்பவரிடமே தேய்மானத்தை வசூலிக்கும் சுலபமான வழியாகிவிட்டது. சில மாநிலங்கள் இதே வழியில் இன்னும் தூரம் போயின. 2022இல் பென்சில்வேனியா பெட்ரோலுக்கு 57.6 சென்ட்டும் டீசலுக்கு 74.1 சென்ட்டும் வாங்கியது.

ஆனாலும் கணக்கைக் கவனியுங்கள். 1984இல் வந்த ஆறு சென்ட் வித்தியாசம் இருந்தும் அடுத்த இருபது ஆண்டுகள் டீசல் மலிவாகத்தான் விற்றது. 2022 நவம்பரில் இடைவெளி ஒன்றரை டாலரைத் தொட்டபோதும் மத்திய வரியின் பங்கு அதே ஆறு சென்ட்தான். எல்லாவற்றுக்கும் அரசின் வரியே காரணம் என்பது அமெரிக்காவைப் பொறுத்தவரை தவறான தீர்ப்பு.

கந்தகம்

அடுத்தது கந்தகம். கச்சா எண்ணெயோடு பூமியிலிருந்தே வருவது. இயந்திரத்தில் எரிந்ததும் புகையாக வெளியேறி நுரையீரலைக் கெடுக்கும். அதோடு, புகையை வடிகட்டப் பொருத்தும் கருவிகளையும் பாழாக்கும். 1993இல் அமெரிக்கா சாலை டீசலில் கந்தகத்தைப் பத்து லட்சத்தில் 500 பங்காகக் கட்டுப்படுத்தியது. 2006 ஜூன் முதல் அது 15 பங்காகச் சுருங்கியது. பிறகு டிராக்டர், ரயில் இன்ஜின், படகு என்று எல்லாவற்றுக்கும் அதே அளவு படிப்படியாக வந்தது.

500இலிருந்து 15க்கு இறங்குவது காகிதத்தில் ஓர் எண் மாற்றம். ஆலைக்குள் அது கனமான வேலை. டீசலை 300 முதல் 400 டிகிரி வரை சூடாக்கி, ஹைட்ரஜனோடு கலந்து, பெரும் அழுத்தத்தில் தடித்த எஃகுக் கலனுக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே கோபால்ட்டும் மாலிப்டினமும் ஏற்றிய சிறு உருளைகள் அடுக்கடுக்காக நிரம்பியிருக்கும். கந்தகம் எண்ணெயை விட்டு ஹைட்ரஜனோடு சேர்ந்து வாயுவாகப் பிரியும். அதை மறுபடி மஞ்சள் கந்தகமாக மாற்றி உரத் தொழிற்சாலைகளுக்கு விற்கிறார்கள். முதல் நூறு பங்குகளை எடுப்பது சுலபம். இரண்டு கார்பன் வளையங்களுக்கு நடுவே ஒளிந்துகொண்டிருக்கும் கடைசிக் கந்தக அணுக்களை எடுக்கத்தான் கூடுதல் வெப்பம், கூடுதல் அழுத்தம், கூடுதல் ஹைட்ரஜன் எல்லாம் தேவைப்படுகின்றன. அந்த ஹைட்ரஜனை இயற்கை எரிவாயுவிலிருந்து தயாரிக்கிறார்கள். 2022இல் ஐரோப்பாவில் எரிவாயு விலை பல மடங்கு ஏறியபோது டீசல் சுத்திகரிப்புச் செலவும் கூடவே ஏறியது இதனால்தான்.

சுத்தம் செய்தபிறகும் கவலை தீராது. அமெரிக்காவில் எண்ணெய் வகைகள் ஒரே நெடுந்தூரக் குழாயில் ஒன்றன் பின் ஒன்றாகப் போகின்றன. கந்தகம் அதிகமுள்ள விமான எரிபொருளுக்குப் பின்னால் டீசல் வந்தால் இரண்டும் கலக்கும் எல்லையில் கொஞ்சம் கெட்டுப்போகும். அந்தப் பகுதியைத் தனியே பிரித்துத் தரம் தாழ்ந்த சரக்காக விற்க வேண்டும்.

இவ்வளவு இருந்தும், புதிய விதியால் கேலனுக்கு ஐந்து சென்ட் அளவில்தான் செலவு கூடும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை விதியைக் கொண்டுவந்தபோது மதிப்பிட்டது. தவிர, பெட்ரோலுக்கும் அதே கதி வந்துவிட்டது. 2017 முதல் அமெரிக்க பெட்ரோலில் கந்தகம் சராசரியாகப் பத்து லட்சத்தில் 10 பங்குக்கு மேல் போகக் கூடாது. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ். 6 புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி இரண்டு எரிபொருளுக்கும் 10 பங்குதான் உச்சவரம்பு. இந்தியாவின் அந்தச் சுத்தமான டீசல், பங்க்குகளில் பெட்ரோலைவிட மலிவாகவே விற்கிறது. கந்தகச் செலவு மெய்யானது, நம் நுரையீரலுக்காகக் கொடுத்தே ஆக வேண்டியதும்கூட. ஆனால் டாலர் கணக்கிலான இடைவெளியை அது விளக்காது.

இதே இடத்தில் இன்னொரு விளக்கத்தையும் தள்ளிவைக்கலாம். ஒரு கேலன் டீசலில் பெட்ரோலைவிட ஏறக்குறைய 14 சதவீதம் அதிக வெப்ப ஆற்றல் இருக்கிறது, அதனால்தான் விலையும் அதிகம் என்பார்கள். ஆற்றல் கூடுதல் என்பது சரி. லாரிக்காரர் டீசலை விரும்ப அது ஒரு காரணம். ஆனால் 2003இலும் அதே 14 சதவீதம் இருந்தது, டீசல் மலிவாக இருந்தது. 2022 நவம்பரில் அதே 14 சதவீதம்தான், விலையோ 40 சதவீதம் கூடுதல். மாறாத ஒன்றால் மாறுகிற ஒன்றை விளக்க முடியாது.

பீப்பாய் தருவது இவ்வளவுதான்

இனி முக்கியமான இடத்துக்கு வருவோம். ஒரு பீப்பாய் 42 கேலன். சுத்திகரிக்கும்போது கன அளவு சற்றே பெருகி, அமெரிக்க ஆலையிலிருந்து ஏறக்குறைய 45 கேலன் பொருள்கள் வெளியே வருகின்றன. அதில் 19 அல்லது 20 கேலன் பெட்ரோல். 11 முதல் 13 கேலன் வரை டீசலும் வீட்டுக் கணப்பு எண்ணெயும். மூன்று நான்கு கேலன் விமான எரிபொருள். மிச்சம் எரிவாயு, தார், கப்பல் எண்ணெய் போன்றவை.

சுத்திகரிப்புக் கோபுரத்துக்குள் லேசானவை முதலில் ஆவியாகி மேலே போகும். பெட்ரோலுக்கான பகுதி ஏறக்குறைய 200 டிகிரிக்குக் கீழே கொதிப்பது. டீசல் 180இலிருந்து 360 டிகிரி வரை. நடுவில் மண்ணெண்ணெயும் விமான எரிபொருளும். ஆகவே டீசலுக்குப் பங்காளிகள் அதிகம். லாரி, ரயில், டிராக்டர், மின்சார ஜெனரேட்டர், அமெரிக்க வடகிழக்கு வீடுகளின் கணப்பு, பக்கத்திலேயே விமானம் என்று அத்தனை பேரும் பீப்பாயின் இந்த நடுப்பங்கைத்தான் கேட்கிறார்கள். 2020 ஜனவரி 1 முதல் கப்பல்களும் வந்து சேர்ந்தன. கப்பல் எண்ணெயில் கந்தகம் 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதமாகக் குறைய வேண்டும் என்று சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதித்ததும், கப்பல் எரிபொருள் கலவைக்கும் இதே நடுப்பங்கிலிருந்து எடுக்க வேண்டிய தேவை வந்தது.

கிராக்கி கூடினால் அதிகம் தயாரிக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். ஆடு அறுக்கிற கடையில் ஈரலுக்கு எவ்வளவு கிராக்கி வந்தாலும் ஒரு ஆட்டில் ஒரு ஈரல்தான். சுத்திகரிப்பு ஆலை அந்த அளவுக்கு இறுக்கமானதில்லை. பெட்ரோலுக்கும் டீசலுக்கும் பொதுவான கொதிநிலையில் உள்ள கொஞ்சம் எண்ணெயை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளலாம். ஆனால் அந்தத் தள்ளல் சில சதவீதத்துக்குள் முடிந்துவிடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் கனமான எண்ணெயை ஹைட்ரஜன் கொண்டு உடைக்கும் புதிய பிரிவு கட்ட வேண்டும். அதற்குப் பல ஆண்டுகளும் பெரும் முதலீடும் ஆகும்.

அமெரிக்காவுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல். அது கார்களின் நாடு. நாளொன்றுக்குப் பெட்ரோல் 90 லட்சம் பீப்பாய் அளவிலும் டீசல் வகைகள் 40 லட்சம் பீப்பாய் அளவிலும் செலவாகின்றன. ஆலைகளையும் அதற்கேற்றபடி, கனமான எண்ணெயைப் பெட்ரோலாக உடைக்கும் விதத்தில்தான் கட்டி வைத்திருக்கிறார்கள். பாறை இடுக்குகளிலிருந்து அண்மைக் காலத்தில் ஏராளமாக எடுக்கும் உள்நாட்டுக் கச்சா எண்ணெயும் லேசான ரகம். அதில் பெட்ரோலுக்கான பங்கு அதிகம், டீசலுக்கான பங்கு குறைவு. போதாததற்கு, அமெரிக்க பெட்ரோலில் பெரும்பாலும் பத்தில் ஒரு பங்கு மக்காச்சோளத்திலிருந்து வரும் எத்தனால். பெட்ரோலுக்கு வயலிலிருந்து ஒரு துணை கிடைத்துவிட்டது. டீசலுக்கு அந்த அளவு துணை வெகுகாலம் கிடைக்கவில்லை. சோயா எண்ணெயிலும் பொரித்து மீந்த எண்ணெயிலும் தயாரிக்கும் டீசல் கலிபோர்னியாவில் அண்மையில்தான் பெரிதாகப் புழங்க ஆரம்பித்தது.

வாங்காமல் இருக்க முடியாதவர்

விலை ஏறினால் பெட்ரோல் வாங்குபவருக்குச் சில வழிகள் உண்டு. ஊர் சுற்றுவதைக் குறைக்கலாம், பக்கத்து வீட்டுக்காரரோடு சேர்ந்து போகலாம், சின்ன கார் வாங்கலாம். டீசல் வாங்குபவருக்கு அந்த வசதி இல்லை.

அமெரிக்க நெடுஞ்சாலையில் லாரிகளுக்கென்றே உள்ள பெரிய பங்க்குகளில் டீசல் போடுவதைக் கவனித்தால் இது விளங்கும். இன்ஜினுக்குப் பின்னால் வண்டியின் இரு பக்கமும் உருளை வடிவ அலுமினிய டேங்குகள். ஒரு டேங்குக்கு 125 கேலன் என்று வையுங்கள். ஓட்டுநர் இறங்கி இடப்பக்கம் ஒரு குழாயைச் செருகுகிறார்; வண்டியைச் சுற்றிப்போய் வலப்பக்கம் இன்னொன்றைச் செருகுகிறார். இரண்டும் ஒரே கணக்கில் ஓடுகின்றன. புதிய வண்டி என்றால் புகையைச் சுத்தம் செய்யும் யூரியா கரைசலுக்கு மூன்றாவதாக ஒரு குழாய். 250 கேலன் நிரம்ப 2022 ஜூன் விலையில் ஏறக்குறைய 1,450 டாலர். கேலனுக்கு ஆறரை மைல் கொடுக்கும் வண்டிக்கு அது 1,600 மைலுக்குத்தான் வரும்.

சொந்த லாரி வைத்துத் தானே ஓட்டுகிறவர் வருடத்துக்கு ஒரு லட்சம் மைல் ஓடினால் 15,000 கேலனுக்கு மேல் ஊற்ற வேண்டும். விலை ஒரு டாலர் ஏறினால் வருடத்துக்கு 15,000 டாலர் போயிற்று. அவர் ஓடாமல் இருக்க முடியுமா? வண்டிக்குத் தவணை இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் அரசு வாராவாரம் வெளியிடும் டீசல் சராசரி விலையை ஒப்பந்தத்திலேயே எழுதி, எரிபொருள் கூடுதல் கட்டணமாகச் சரக்குக்காரரிடம் வாங்கிக்கொள்கின்றன. அன்றன்றைக்குக் கிடைக்கும் லோடை ஏற்றும் தனி ஆளுக்கு அந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் இல்லை. 2000 பிப்ரவரியில் டீசல் எகிறியபோது லாரிக்காரர்கள் வண்டிகளோடு வாஷிங்டன் நகருக்கே வந்து போராடியதன் பின்னணி இதுதான்.

அந்தக் குளிர்காலம் இன்னொன்றையும் காட்டியது. நியூயார்க், மாசசூசெட்ஸ், மெயின் போன்ற வடகிழக்கு மாநிலங்களில் லட்சக்கணக்கான வீடுகளின் நிலவறையில் எண்ணெயில் எரியும் கணப்பு உண்டு. அந்த எண்ணெய் டீசலின் உடன்பிறப்பு. சாலை வரி இல்லாதது என்று அடையாளம் காட்டச் சிவப்புச் சாயம் கலந்திருப்பார்கள். இப்போது கந்தக அளவுகூடப் பல மாநிலங்களில் ஒன்றே. உறைபனியில் வீடு சூடாக வேண்டுமா, லாரி ஓட வேண்டுமா என்ற போட்டி ஜனவரியில் நியூயார்க் துறைமுகத்தில் நடக்கும். நியூயார்க் சரக்குச் சந்தையில் 1978இல் கணப்பு எண்ணெய்க்கென்று தொடங்கிய முன்பேர வணிகம்தான் 2013 முதல் டீசலுக்குரியதாகி, இன்று உலக டீசல் விலைக்கு ஓர் அளவுகோலாக இருக்கிறது. 2000ஆம் ஆண்டு நெருக்கடிக்குப் பின் அரசு வடகிழக்குப் பகுதிக்கென்று 20 லட்சம் பீப்பாய் கணப்பு எண்ணெய்க் கையிருப்பு ஏற்படுத்தியது. 2011இல் அதைப் பாதியாகக் குறைத்துவிட்டார்கள்.

2004 முதல் 2022 வரை

இந்தப் போட்டியில் 2004இல் புதிதாக நுழைந்தவை சீனாவும் ஐரோப்பாவும். சீனாவில் மின்வெட்டைச் சமாளிக்கத் தொழிற்சாலைகள் டீசல் ஜெனரேட்டர்களை வாங்கிக் குவித்தன. ஐரோப்பிய அரசுகளோ டீசலுக்கு வரியைக் குறைத்து வைத்து, மக்களை டீசல் கார் பக்கம் தள்ளின. 2011 வாக்கில் மேற்கு ஐரோப்பாவில் விற்ற புதிய கார்களில் பாதிக்கு மேல் டீசல். அங்கே டீசல் பற்றாமல், பெட்ரோல் மிஞ்சியது. மிஞ்சிய பெட்ரோல் அட்லாண்டிக் கடலைத் தாண்டி அமெரிக்கக் கிழக்குக் கரைக்கு வந்தது. அமெரிக்க டீசல் எதிர்த்திசையில் போனது. ஒரே கடல்வழியில் நடந்த இந்தப் பரிமாற்றம் அமெரிக்காவில் பெட்ரோலைத் தணித்தது, டீசலை ஏற்றியது. இன்றும் அமெரிக்கா நாளுக்குப் பத்து லட்சம் பீப்பாய்க்கு மேல் டீசல் வகைகளை மெக்சிகோ, பிரேசில், சிலி, ஐரோப்பா என்று ஏற்றுமதி செய்கிறது. உள்ளூரில் உற்பத்தியாகிற பொருளுக்கு உலக விலைதான் உள்ளூர் விலை.

2008 ஜூலையில் டீசல் 4.76 டாலர், பெட்ரோல் 4.11 டாலர். அடுத்த ஆண்டே பொருளாதாரம் சரிந்து, சரக்குப் போக்குவரத்து படுத்தது. 2009 கோடையில் டீசல் பெட்ரோலுக்குக் கீழே இறங்கியது. 2015 கோடையில் கச்சா எண்ணெய் வீழ்ந்திருந்த நேரத்தில் மறுபடியும் அப்படியே. என் பார்வையில் இந்த இரண்டு கோடைகளும் மிக முக்கியமான சான்றுகள். அப்போது வரி இருந்தது, கந்தக விதியும் இருந்தது. தட்டுப்பாடு மட்டும் இல்லை.

2019 ஜூன் 21 அதிகாலை பிலடெல்பியாவில் கிழக்குக் கரையின் மிகப்பெரிய சுத்திகரிப்பு ஆலை வெடித்தது. நாளுக்கு 3,35,000 பீப்பாய் சுத்திகரித்த அந்த ஆலை பிறகு திறக்கவே இல்லை. அடுத்த ஆண்டு கொரோனா. வண்டிகளும் விமானங்களும் நின்றன, ஆலைகள் நட்டத்தில் மூடின. 2020 தொடக்கத்திலிருந்து இரண்டே ஆண்டில் அமெரிக்கா நாளுக்கு ஏறக்குறைய பத்து லட்சம் பீப்பாய் சுத்திகரிப்புத் திறனை இழந்தது. மக்கள் வீட்டிலிருந்தபடி பொருள்களை வரவழைத்ததால் லாரிகளுக்கு மட்டும் ஓய்வில்லை. இந்த நிலையில்தான் 2022 பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனுக்குள் நுழைந்தது. ஐரோப்பாவுக்கு டீசல் கொடுத்த முதன்மை நாடு ரஷ்யா. அந்த வரத்து குறையுமென்று தெரிந்ததும் ஐரோப்பாவும் லத்தீன் அமெரிக்காவும் அமெரிக்க டீசலுக்கு வரிசை கட்டின. கச்சா எண்ணெய்க்கும் டீசலுக்கும் இடையே சுத்திகரிப்பாளருக்குக் கிடைக்கும் வித்தியாசம், வழக்கமாகப் பீப்பாய்க்கு 10 முதல் 20 டாலர் இருப்பது, 60 டாலரைத் தாண்டியது. அக்டோபரில் நாட்டின் டீசல் கையிருப்பு ஏறக்குறைய 25 நாள் தேவைக்குத்தான் இருந்தது. 1982இல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அந்தப் பருவத்துக்கு இவ்வளவு குறைந்ததே இல்லை. நவம்பரின் ஒன்றரை டாலர் இடைவெளி இங்கிருந்து வந்தது.

இந்தியாவின் எட்டு ரூபாய்

அப்படியானால் சென்னையில் டீசல் எப்படி மலிவு? 2022 ஜூன் விலையைப் பிரித்துப் பார்ப்போம். அப்போது மத்திய கலால் வரி பெட்ரோலுக்கு லிட்டருக்கு 19.90 ரூபாய், டீசலுக்கு 15.80 ரூபாய். தமிழ்நாட்டின் மதிப்புக் கூட்டு வரி பெட்ரோலுக்கு 13 சதவீதமும் அதன்மேல் 11.52 ரூபாயும், டீசலுக்கு 11 சதவீதமும் 9.62 ரூபாயும். எல்லாம் கூட்டினால் பெட்ரோல் மேல் சுமார் 41 ரூபாய் வரி, டீசல் மேல் சுமார் 33 ரூபாய். வித்தியாசம் எட்டு ரூபாய். வரியையும் பங்க் உரிமையாளர் கமிஷனையும் கழித்துவிட்டால் பெட்ரோல் 57 ரூபாய் சொச்சம், டீசல் 58 ரூபாய் சொச்சம். சென்னையிலும் டீசல்தான் விலை அதிகமான சரக்கு. அதுவும் எண்ணெய் நிறுவனங்கள் விலையை உயர்த்தாமல் நட்டத்தில் விற்ற நேரம் அது. பெட்ரோலைவிட டீசலில் நட்டம் அதிகம்.

2022 ஜூலை 1 அன்று மத்திய அரசு எரிபொருள் ஏற்றுமதிக்கு விசேஷ வரி போட்டபோது இது பட்டவர்த்தனமானது. பெட்ரோலுக்கு லிட்டருக்கு 6 ரூபாய், டீசலுக்கு 13 ரூபாய். ஜாம்நகர் போன்ற ஆலைகளுக்கு வெளிநாட்டில் எதில் லாபம் கொழுத்தது என்று அரசுக்குத் தெரிந்தே இருந்தது.

மாநில அரசுகள் வரியில் கை வைத்தால் வரிசையே புரளும் என்பதற்கும் சாட்சி உண்டு. 2020 மே மாதம் டெல்லி அரசு டீசல் மீதான மதிப்புக் கூட்டு வரியை 30 சதவீதமாக்கியது. ஜூன் 24 அன்று டெல்லியில் டீசல் 79.88 ரூபாய், பெட்ரோல் 79.76 ரூபாய். ஜூலை இறுதியில் வரியை 16.75 சதவீதமாகக் குறைத்ததும் பழைய வரிசை திரும்பியது. இலங்கையில் அரசிடம் தாங்குவதற்குப் பணமே இல்லாமல் போன 2022இல் விலைகள் உலகச் சந்தையைத் தொடர்ந்தன. அந்த அக்டோபரில் ஒக்டேன் 92 பெட்ரோல் 370 ரூபாய், ஒட்டோ டீசல் 415 ரூபாய்.

இந்தியா டீசலை மலிவாக வைத்ததற்கு வலுவான காரணம் இருக்கிறது. இங்கே டீசல் நுகர்வு பெட்ரோலைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். காய்கறி லாரியும், அரசுப் பேருந்தும், டிராக்டரும், விசைப்படகும் அதில்தான் ஓடுகின்றன. ஆனால் அந்தக் கனிவு எல்லை மீறியபோது யார் பயன் பெற்றார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 2012 ஆகஸ்டில் டெல்லியில் பெட்ரோல் 68 ரூபாய், டீசல் 41 ரூபாய். உழவருக்கென்று கொடுத்த மானியத்தில் வசதியுள்ளவர்கள் பெரிய டீசல் கார்கள் வாங்கி ஓட்டினார்கள். எரிபொருள் விலை பற்றி ஆராய மத்திய அரசு அமைத்த கிரீட் பாரிக் குழு 2010இலேயே இரண்டு விலையையும் சந்தையிடம் விட்டுவிட்டு டீசல் கார்களுக்குத் தனி வரி போடச் சொன்னது. பெட்ரோல் விலை அந்த ஆண்டே விடுபட்டது. டீசலுக்கு 2014 அக்டோபர் வரை ஆயிற்று.

அமெரிக்காவில் டீசல் காரில் போகும் வாக்காளர் மிகக் குறைவு. அதனால் அங்கே டீசல் விலையை யாரும் தேர்தல் பிரச்சினையாக்குவதில்லை; ஆனாலும் ரொட்டி முதல் மரக்கட்டை வரை எல்லாவற்றின் விலையிலும் அது வந்து சேர்கிறது. இங்கேயோ அது அரசியலின் நடுவிலேயே இருக்கிறது, ஆனால் சரக்கின் உண்மை விலை மக்கள் கண்ணில் படுவதில்லை. மின்சாரக் கார்கள் பெருகப் பெருகப் பெட்ரோலின் தேவை முதலில் குறையும். பெட்ரோல் விற்காத ஆலை மூடும்போது அதிலிருந்து வந்த டீசலும் சேர்ந்து நின்றுபோகும். சீனாவில் இப்போது எரிவாயு லாரிகளும் மின்சார லாரிகளும் டீசலின் தேவையைக் குறைக்கத் தொடங்கியிருக்கின்றன. மற்ற நாடுகளில் லாரிகள் அந்த அளவுக்கு மாறும்வரை பீப்பாயின் நடுப்பங்குக்குப் போட்டி தணியாது என்றே நினைக்கிறேன்.

நம் பங்க்குகளில் தரும் ரசீதில் லிட்டர் விலையும் மொத்தத் தொகையும் இருக்கின்றன. வரி எவ்வளவு என்பது இல்லை. எண்ணெய் நிறுவனங்கள் டெல்லி விலையைப் பிரித்து வெளியிடும் பட்டியலைப்போல, ஒவ்வொரு ஊர் ரசீதிலும் சரக்கு விலை, மத்திய வரி, மாநில வரி, கமிஷன் என்று நான்கையும் தனித்தனியே அச்சிட வேண்டும். டீசலுக்கு எவ்வளவு சலுகை, யாருக்காக என்று விவாதிக்கும் முன் அந்த நான்கு எண்களையும் கேட்டு வாங்குங்கள்.